சூரனுக்கு முன்னால் நின்ற வெருளியார்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதுவரை பிறந்த மனிதர்களுக்குள் வெருளியாரைப் போலப் பயந்தவர் ஒருவருமில்லை. இனிமேல் ஒருவர் பிறந்தாலும், அவர் அளவுக்குப் பயப்படுவதற்குத் தனியாகப் பழக வேண்டியிருக்கும். பல்லி சொன்னால் பயப்படுவார். சொல்லாவிட்டால், ஏன் இன்றைக்கு இன்னும் சொல்லவில்லை என்று பயப்படுவார். பனம்பழக் காலத்தில் மழையுமில்லை வெயிலுமில்லை என்றாலும் குடை விரித்துத்தான் நடப்பார். பழம் தலையில் விழுந்தால் என்ன செய்வது? தென்னைக்குக் கீழே அவருடைய கால் பட்டதை நான் கண்டதேயில்லை. வண்ணார்பண்ணையிலிருந்த அவருடைய வீட்டிலிருந்து எங்கள் கச்சேரிக்கு நேர்வழியில் அரைமணி நேரம். தென்னை இல்லாத வழியாகச் சுற்றிவந்தால் ஒன்றே முக்கால் மணி நேரம். அந்த மனிதர் முப்பது வருடமும் சுற்றித்தான் வந்தார்.

கச்சேரி என்றதும் பாட்டும் மிருதங்கமும் என்று நினைத்துவிடாதீர்கள். ஏசண்டுத் துரை என்ற வெள்ளைக்காரர் இருந்து குடாநாட்டை ஆண்ட அரசாங்கக் கந்தோருக்கு அதுதான் பெயர். முப்பதுகளின் நடுவில் நான் அங்கே புதுக் கிளாக்கர். வேலை இன்னும் உறுதியாகவில்லை. வெருளியார் துபாசி. துரை சொல்வதைச் சனத்துக்குத் தமிழிலும், சனம் கதைப்பதைத் துரைக்கு இங்கிலீசிலும் சொல்வது அவருடைய உத்தியோகம். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அதை இங்கே எழுதினால் அவருடைய சொந்தக்காரருக்கே ஆளைத் தெரியாது. ஏதோ ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன கறுப்புக் கோட்டைத்தான் அவர் தினமும் போட்டுவந்தார். அந்தத் துரை ஆறடிக்கு மேல், இரண்டாள் பருமன். கோட்டுக்குள் எங்கேயோ ஒரு மூலையில் வெருளியார் இருந்தார். தோட்டத்தில் காகம் கலைக்கத் தடியில் பழஞ்சட்டை மாட்டி நிறுத்துகிற வெருளியைப் பார்த்தவர்களுக்கு, இவருக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று கேட்கத் தோன்றாது.

புதுத் துரை யார் வந்திறங்கினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இந்தச் சனம் எப்படிப்பட்ட சனம்?" பெரிய கிளாக்கர் பதில் சொல்லி மாட்டிக்கொள்ள மாட்டார். வெருளியாரைக் கைகாட்டிவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார். வெருளியார் நடுங்கிக்கொண்டே துரையைக் கூட்டிக்கொண்டு ஊர் காட்டப் புறப்படுவார். அந்த விஷயத்தில் அவரிடம் ஒரு கொள்கை இருந்தது. ஒருநாள் எனக்கும் சொன்னார்.

"தம்பி, ஒரு சனத்தின்ரை குணத்தை அறியவேணுமெண்டால் அதின்ரை சட்டத்தைப் படிக்கப்படாது. அது தன்ரை கையாலை வடிவாய்ச் செய்துவைச்சிருக்கிற சாமானைப் பாக்கவேணும்."

"பாத்தால் என்ன தெரியும் ஐயா?"

"நாங்கள் பயந்த சனம் எண்டு தெரியும். பிள்ளையின்ரை கன்னத்திலை ஏன் கறுத்தப் பொட்டு? பயம். வேலியை ஆளுயரத்துக்கு மேலை ஏன் அவ்வளவு வடிவாய் அடைக்கிறம்? பயம். சந்திக்குச் சந்தி வைரவருக்கு ஏன் சூலம்? எல்லாம் பயம். எங்கடை வடிவு முழுக்கப் பயத்திலை பிறந்தது."

"உது உங்கடை பயம் ஐயா. ஊரை ஏன் இழுக்கிறியள்?"

"எனக்கு ஆர் பழக்கினது? ஊர்தானே!"

இந்தக் கொள்கையை அவர் வாயோடு வைத்திருந்தால் பரவாயில்லை. ஒரு துரையின் மனைவி, படம் கீறுகிறவர், இந்த நாட்டுச் சிற்பம் ஒன்று பார்க்கவேண்டும் என்று கேட்டார். வேறு யாராயிருந்தாலும் கோபுரத்தைக் காட்டியிருப்பார்கள். வெருளியார் அந்த அம்மாவை வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு வெங்காயத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், நடுவில் நின்ற வெருளியைக் காட்டினார். பானைத் தலை, சுண்ணாம்புக் கண், பிய்ந்த சட்டை. "இதைச் செய்தவனுக்கு எது பயமோ அதையெல்லாம் இதன் முகத்தில் வைத்திருக்கிறான், அம்மணி" என்று விளக்கம் வேறு. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். குடைக்குக் கீழே குந்தியிருந்து முன்னுக்கும் பின்னுக்கும் பார்த்துப் பார்த்துக் கீறினார்.

அடுத்தநாள் விடிந்தபோது அந்த ஊரில் ஒரு வெருளிகூட இல்லை. கச்சேரி ஆட்கள் வந்து வெருளியைப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டு போனார்கள் என்றால், கமக்காரனுக்கு வேறென்ன தோன்றும்? வெருளிக்கு வரி வரப்போகிறது! எல்லோரும் இரவோடிரவாகப் பிடுங்கிவிட்டார்கள். காகங்களுக்குக் கலியாண வீடு. மூன்றாம் நாள் பத்துப் பேர் விண்ணப்பத்தோடு கந்தோர் விறாந்தையில் வந்து நின்றார்கள்.

"ஐயா, அம்மா கீறினது வெருளியில்லை. உது நான் தோய்ச்சுக் காயப்போட்ட சட்டை" என்றார் தோட்டக்காரர்.

"அப்ப தலையிலை இருந்த பானை?" என்றேன் நான்.

"அதுவும் கழுவிக் காயப்போட்டது."

வெருளியார் என் பக்கம் திரும்பி, "பாத்தீரே? நான் சொன்னால் நம்பமாட்டீர்" என்று மெல்லமாகச் சொன்னார். அன்றைக்கு முழுக்க அவருடைய முகத்தில் அப்படியொரு பெருமை.

இனி என்னுடைய தலையில் இடி விழுந்த கதைக்கு வருகிறேன். உடுப்பிட்டிக்குக் கிட்ட இருக்கிறது எங்கள் ஊர். அங்கே முருகன் கோயிலில் கந்தசட்டி ஆறாம் நாள் பின்னேரம் சூரன் போர். ஆளைப்போல் மூன்று மடங்கு உயரமான மரச் சூரனை நீண்ட காவுதடிக் கொம்புகளில் வைத்து முப்பது பேர் தோளில் காவுவார்கள். எதிரே வாகனத்தில் முருகன் வருவார். சூரன் பாய்வான், பின்வாங்குவான், சுழலுவான். மாற்றி மாற்றி மாட்டுகிற தலை ஒவ்வொன்றாகப் போய்க் கடைசியில் சூரன் விழுந்தால்தான் விரதகாரருக்கு மூச்சு வரும். முன்கொம்பு பிடிக்கிறவர் என்னுடைய அண்ணை. அவர் பெலசாலி, யோசனை பிறகுதான் வரும்.

இந்தக் கதைக்கு முந்தின வருடம் அண்ணை கொஞ்சம் உற்சாகப்பட்டுவிட்டார். சூரன் சுழன்ற சுழற்சியில் ஒரு சர்பத் கடை போய்விட்டது. காவலுக்கு நின்ற பொலிசுக்காரரின் தொப்பி சூரனுடைய வாள் நுனியில் கொளுவிக்கொண்டு கோயிலை மூன்றுதரம் சுற்றி வந்தது. சனம் சிரித்தது. பொலிசு சிரிக்கவில்லை. இது விழாவல்ல, கலகம் என்று துரைக்கு எழுதிவிட்டார்கள். இந்த வருடம் தானே நேரில் வந்து பார்ப்பதாகவும், கலகம் என்று கண்டால் அடுத்த வருடத்திலிருந்து அனுமதிக் கடதாசி இல்லையென்றும் துரை பதில் அனுப்பினார். கடதாசி இல்லாவிட்டால் சூரனை வீதிக்கு எடுக்க முடியாது.

அந்தச் செய்தி ஊருக்குப் போன அன்று பின்னேரமே கோயில் மணியகாரர் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"தம்பி, நீ கச்சேரியிலை கதிரையிலை இருக்கிறாய். சூரன் போர் நிண்டால் என்ன நடக்கும் எண்டு யோசிச்சனியே?"

"என்ன நடக்கும்?"

"சூரனைக் கொல்லாமல் விட்டால் அவன் சாவானே? வருசம் முழுக்க ஊருக்குள்ளை உயிரோடை நிப்பான்!"

நான் படித்தவன், இங்கிலீசு தெரிந்தவன். ஆனாலும் சொல்கிறேன், எழும்பிப் போய்ப் படலையைச் சாத்திவிட்டு வந்தேன். வாகனக் கொட்டிலில் தலைகளோடு சாத்திவைத்திருக்கிற அந்தச் சூரன் சாகாமல் வருடம் முழுக்க விழித்துக்கொண்டு நிற்பதை ஒருதரம் நினைத்துப் பாருங்கள். ஊரில் ஒரு மாடு படுத்தாலும், ஒரு கிணறு வற்றினாலும், ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள். அம்மா அப்போதே என்னை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பயத்தில்தான் நான் அந்த மொக்கு யோசனையைச் சொன்னேன். சூரன் ஆடினால்தானே கலகம்? இந்த வருடம் ஆட்டாமல், ஓடாமல், மெல்ல மெல்லக் கொண்டுவந்தால் துரை என்ன குறை காணமுடியும்? மணியகாரர் என்னுடைய தலையைத் தடவினார். "படிச்ச தலை படிச்ச தலைதான்" என்றார். அண்ணை மட்டும் முகத்தைச் சுழித்தார். ஆனால் கச்சேரி யோசனைக்கு எதிர்க்கதை கதைக்க அவருக்கும் பயம்.

நாளும் வந்தது. கோயில் வெளிவீதியில் மாமர நிழலில் துரைக்கு ஒரு கதிரை. பக்கத்தில் வெருளியாருக்கு ஒரு முக்காலி. அவர் அதுவரை எந்த ஊர்ச் சூரன் போரையும் பார்த்ததில்லை. சூரனுடைய முகத்தைக் கண்டால் காய்ச்சல் வரும் என்று சின்ன வயதிலிருந்தே ஒதுங்கிக்கொண்டவர். வேலை என்பதால் வந்திருந்தார். குடை, கோட்டு, உள்ளங்கை இரண்டிலும் திருநீறு. "தம்பி, சூரன் முகத்தைத் திருப்பேக்கை சொல்லும், நான் கண்ணை மூடவேணும்" என்று என்னிடம் மூன்றுதரம் சொல்லிவிட்டார்.

சூரன் வந்தான். வந்தான் என்றா சொன்னேன்? மணவறைக்கு வருகிற பொம்பிளைமாதிரி எழுந்தருளினான். முப்பது பேரும் கோழிக்குஞ்சை மிதித்துவிடக்கூடாதே என்பதுபோல அடி வைத்தார்கள். மேளகாரர் தவிலைத் தடவினார்கள். "அரோகரா" என்று சனம் ஒருவருக்கொருவர் காதில் சொன்னது. துரைக்கு முன்னால் வந்ததும் முன்கொம்பைப் பதித்துச் சூரனை ஒரு சலாம்கூடப் போடவைத்தார்கள்! இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மணியகாரர் தானாகச் சேர்த்தது. முருகனைக் காவிவந்தவர்கள் யாரோடு சண்டை பிடிப்பது என்று தெரியாமல் நடுவீதியில் நின்றார்கள்.

துரை பொக்கற்றிலிருந்து மணிக்கூட்டை எடுத்துப் பார்த்தார். ஒரு கொட்டாவி விட்டார். அவர் இங்கிலீசில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"போர் எப்போது தொடங்கும்?"

"இதுதான் போர், துரை" என்றார் வெருளியார்.

"இதுவா? இது கலகம் இல்லை. பொலிசு சொன்னது பிழை." எனக்குப் போன உயிர் வந்தது. வந்த உயிர் இருந்து மூச்சு விடுவதற்குள் துரை தொடர்ந்தார்: "ஆனால் இந்த ஆட்களின் முகத்தைப் பாரும். யாரோ அடித்துச் செய்விப்பதுபோல் இருக்கிறது. ஒருவருக்கும் இதில் விருப்பமில்லை. விருப்பமில்லாத ஒன்றை வருடாவருடம் எதற்கு நடத்த வேண்டும்? அடுத்த வருடம் முதல் வேண்டாம் என்றே எழுதிவிடுகிறேன். அவர்களுக்கும் ஆறுதல்."

ஐயோ! கடதாசி கிடைக்கவேண்டும் என்று நான் போட்ட யோசனையே கடதாசிக்குக் கொள்ளி வைத்துவிட்டது. வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் கோழைத்தனத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வெருளியார் எழும்பினார். குடை கீழே விழுந்தது, எடுக்கவில்லை. கோட்டு முழுக்கக் காற்றில்லாமல் ஆடியது. சூரனை நேராகப் பார்த்துக்கொண்டே அண்ணைக்குக் கிட்டப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"தம்பி, இது என்ன, சூரனோ, பொம்பிளை அழைப்போ?" என்று கேட்டார். குரல் கீச்சென்று வந்தது.

"கச்சேரி யோசனை ஐயா" என்று அண்ணை என்னைக் கைகாட்டினார்.

"உவற்றை யோசனையைக் கொண்டுபோய்க் கிணத்திலை போடு. வழமையாய் எப்பிடி ஆட்டுவியளோ அப்பிடி ஆட்டு. நான் துரைக்கு முன்னாலை நிக்கிறன். சூரனை என்னிலை பாய விடு."

"ஐயா, உங்களுக்கு மேலெல்லாம் பதறுது. செத்துப்போவியள்."

"செத்தால் சாகிறன்! நீ பாதிவழியிலை இரக்கப்பட்டு நிப்பாட்டினாயெண்டால் பேந்து நான் உன்னைச் சும்மா விடன். ஆட்டடா!"

அவர் திரும்பிப் போய்த் துரையுடைய கதிரைக்கு நேர் முன்னால் நின்றார். இரண்டு கையையும் விரித்தார். அந்தக் கோட்டோடு அசல் வெருளியேதான்.

அண்ணை ஒரு சத்தம் வைத்தார். அவ்வளவு நேரமும் அடக்கிவைத்திருந்த தவில் வெடித்தது. "அரோகரா!" என்று சனம் எழுப்பிய சத்தத்தில் மாமரத்துக் காகமெல்லாம் பறந்தன. சூரன் வாலில் நெருப்புப் பற்றின மாடுமாதிரி பாய்ந்து வந்தான். கண் இரண்டும் பிதுங்கி, பல் தெரிய, வாள் தலைக்கு மேல். முப்பது பேரின் காலடியில் நிலம் அதிர்ந்தது. வந்த வேகத்தில் வெருளியாருடைய மூக்குக்கு ஒரு முழம் இருக்கும்போது அண்ணை கொம்பைத் திருப்பினார். சூரன் சுழன்று பின்வாங்கி மறுபடி பாய்ந்தான். மூன்றுதரம். மூன்றுதரமும் வெருளியார் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கண்ணை மட்டும் இறுக்கி மூடியிருந்தார். வாய் "முருகா, முருகா" என்றபடி இருந்தது. பிறகு அண்ணை முருகனுடைய பக்கம் சூரனைத் திருப்பினார், உண்மையான போர் தொடங்கியது.

துரையைத் தேடினேன். கதிரை மல்லாந்து கிடந்தது. துரை வெருளியாருக்குப் பின்னால் குந்தியிருந்தார். இரண்டு கையாலும் அந்தக் கறுப்புக் கோட்டின் பின்பக்கத்தை இறுக்கிப் பிடித்திருந்தார்.

சூரன் விழுந்து, சனம் அழுது சிரித்துக் கும்பிட்டு முடிந்த பிறகுதான் துரை எழும்பினார். முழங்காலைத் தட்டிக்கொண்டு, பழைய கேள்வியை மறுபடி கேட்டார்: "இது எப்படிப்பட்ட சனம் ஐயா?"

வெருளியார் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. பல்லும் பல்லும் அடிக்கத்தான் சொன்னார்.

"பயந்த சனம், துரை. எங்களுக்குப் பாம்புக்குப் பயம், இடிக்குப் பயம், காய்ச்சலுக்குப் பயம், உங்களுக்கும் பயம். வருடம் முழுக்கப் பயப்படுகிறோம். ஒருநாள் மட்டும் அந்தப் பயத்துக்கு மரத்தில் முகம் செதுக்கி, வர்ணம் பூசி, எங்கள் தோளிலேயே காவிவந்து, எங்கள் கண்ணுக்கு முன்னால் அதன் தலை போவதைப் பார்க்கிறோம். அடுத்தநாள் மறுபடி பயப்படத் தொடங்கிவிடுவோம். இதையும் நிறுத்தினால் அவ்வளவு பயத்தையும் நாங்கள் எங்கே கொண்டுபோய் வைப்பது?"

துரை தன்னுடைய கையைப் பார்த்தார். கோட்டைப் பிடித்த பிடியில் விரல்கள் இன்னும் மடங்கியே இருந்தன. அடுத்த கிழமை கடதாசி வந்தது, நானே பிரதி எடுத்தேன்: சூரன் போர் வழமைபோல நடக்கலாம்; அரசாங்க உத்தியோகத்தரின் கதிரையை மட்டும் இன்னும் இருபது யார் தூரம் தள்ளிப் போடவும்.

சூரன் போர் முடிந்த அன்றே, பொழுதுபடச் சந்திக்கு வண்டி பிடிக்க நானும் வெருளியாரும் நடந்தோம். ஊர் முழுக்க அவரைக் கும்பிட்டது. மணியகாரர் மாலைகூடப் போட்டார். வைரவர் கோயிலடியில் ஒரு நாய் படுத்திருந்தது. கிழட்டு நாய், கண்ணும் சரியாகத் தெரியாது. வெருளியார் நின்றுவிட்டார்.

"தம்பி, கடிக்குமே?"

"ஐயா! சூரனுக்கு முன்னாலை நிண்டனீங்கள், இந்த நாய்க்கே பயப்பிடுறியள்?"

"சூரனுக்கும் பயந்துதானே நிண்டனான்" என்றார். நாயைப் பார்த்தபடியே, "உம்மடை சால்வையை ஒருக்கால் பிடிக்கட்டே?" என்று கேட்டார். நான் சால்வையின் நுனியைப் பின்பக்கமாக நீட்டினேன். பிடித்துக்கொண்டு வந்தார்.

அதன்பிறகு அவர் ஒரு வருடமும் தவறவிடவில்லை. ஆறாம் நாள் பின்னேரம் அந்தக் கோட்டும் குடையுமாக வந்து எனக்குப் பின்னால் நிற்பார். சூரன் திரும்பும்போது என்னுடைய சால்வை நுனியைப் பிடித்துக்கொள்வார். பத்து வருடம் பிடித்தார். பிடித்துப் பிடித்தே என்னுடைய சால்வைகள் எல்லாம் ஒரு பக்கம் நீளமாகிவிட்டன. "விடுங்கோ ஐயா, கிழியப்போகுது" என்று நான் ஏசாத வருடமில்லை.

போன மாசியில் அவர் போய்விட்டார். படுக்கையில், நித்திரையில். பயப்பட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை என்று வீட்டார் சொன்னார்கள். இந்தக் கந்தசட்டிக்கும் நான் ஊருக்குப் போனேன். அண்ணைக்குத் தலை நரைத்துவிட்டது, முன்கொம்பை இன்னும் விடவில்லை. மாமரத்தடிக்கு வந்ததும், யாருமில்லாத அந்த வெறும் இடத்தை நோக்கிச் சூரனை மூன்றுதரம் பாயவிட்டார். சூரனுடைய முகம் என் பக்கம் திரும்பியது. என்னுடைய கை தன்பாட்டில் சால்வை நுனியைப் பின்னால் நீட்டியது. கனநேரம் நீட்டிக்கொண்டே நின்றேன். எனக்கு அன்றைக்கு நல்ல பயமாக இருந்தது.